அடுப்பில் பாதிச் சமையல்

விருந்தாளி ஒருவர், வீட்டார் நான்கு பேர். ஐந்து பேருக்கு எளிய இரவுச் சாப்பாடு செய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை. செய்ய இருந்தவர் ஆறு குழந்தைகளின் தாய், அடுப்படியில் பழகிய கை. அன்றைய பகல் முழுவதையும் அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார், ஆசையோடும் காத்திருந்தார். சாப்பிடும் நேரம் வந்தபோது வேண்டிய பொருளெல்லாம் சமையலறையில் இருந்தது. அடுப்பில் ஒன்றிரண்டு பாத்திரங்கள் ஏறியிருந்தன. சாலட் ஆகவில்லை. இறைச்சியில் கையே வைக்கவில்லை. நாளெல்லாம் தனியாகப் போராடிக் களைத்து, எங்கே பிசகியது என்று புரியாமல், கலங்கிப்போய் அவர் நின்றுகொண்டிருந்தார்.

விருந்தாளியாக வந்தவர் அவருடைய சொந்தத் தம்பி, வைல்டர் பென்ஃபீல்ட். அதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்னால், 1928 டிசம்பரில், மாண்ட்ரீல் நகரின் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் அக்காவின் மண்டையோட்டைத் திறந்தவரும் அவரே. உச்சந்தலை மரத்துப்போக ஊசி போட்டு, அக்கா விழித்திருக்கும்போதே அறுவை நடந்தது. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது என்பதால் இது சாத்தியம். மூளையின் வலது முன்மடலில் பெரும்பகுதியை, அங்கே வளர்ந்திருந்த கட்டியோடு சேர்த்து எடுத்தார். கட்டி முழுவதையும் எடுக்க முடியவில்லை. ஆனாலும் அக்கா பிழைத்தார், பேசினார், சிரித்தார், பழையதெல்லாம் நினைவில் இருந்தது. கை கால் விளங்காமல் போகவில்லை. மருத்துவரின் அறையில் உட்கார வைத்து எத்தனை கேள்வி கேட்டாலும் குறை தெரிந்திருக்காது. குறை தெரிந்த இடம் சமையலறை.

1935இல் ஜோசஃப் எவன்ஸுடன் சேர்ந்து 'பிரெய்ன்' ஆய்விதழில் எழுதிய கட்டுரையில் பென்ஃபீல்ட் அந்தச் சமையலறையைப் பதிவுசெய்தார். மூளை அறிவியலின் புகழ்பெற்ற காட்சிகளில் அதுவும் ஒன்று. கட்டுரையை ஆராய்ச்சிக்காகப் படித்தவர்களுக்கு அது முன்மடல் என்ன செய்கிறது என்பதற்கான சான்று. எனக்கோ அது வேறு பாடம். மூளைக்கட்டி அறுவை அரங்குக்குள் பாதிதான் முடிகிறது, மீதிப் பாதி வீட்டில் நடக்கிறது. அதை நடத்துகிறவர்களுக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

என் அத்தைக்கு வலது முன்மடலை அழுத்திக்கொண்டு மூளை உறையில் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. மெனிஞ்சியோமா வகை, பெரும்பாலும் மெதுவாக வளர்வது, புற்றாகப் பரவாதது. ஆறு மணி நேர அறுவைக்குப்பின் வெளியே வந்த மருத்துவர் "நல்லபடியா எடுத்தாச்சு" என்றார். எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த தாளில் மாத்திரைகளின் பெயர்களும் தையல் பிரிக்க வரவேண்டிய தேதியும் இருந்தன. அடுத்த மூன்று மாதங்களில் நாங்கள் சந்தித்த எதுவும் அந்தத் தாளில் இல்லை. இந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

முதல் சில நாட்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் குடும்பம் முதலில் பயப்படுகிறது. ஐசியுவில் செவிலியர் மணிக்கொரு தடவை எழுப்புகிறார். "அம்மா, கண்ணத் திறங்க, பேரென்ன, இது எந்த இடம், என் கைய அழுத்துங்க." கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கிறார். தூங்கவிடக் கூடாதா என்று நமக்குத் தோன்றும். அவர் போடுகிற மதிப்பெண்ணுக்கு கிளாஸ்கோ கோமா அளவுகோல் என்று பெயர். 1974இல் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்தது, 3 முதல் 15 வரை போகும். அறுத்த இடத்தில் ரத்தம் கசிந்து சேர்ந்தால் முதலில் அது ஸ்கேனில் அல்ல, இந்தக் கேள்விகளுக்கான பதிலில்தான் தெரியும். போன மணிக்கு மருத்துவமனை பேர் சொன்னவர் இந்த மணிக்கு முனகுகிறார் என்றால் உடனே சிடி ஸ்கேனுக்கு ஓடுவார்கள். அந்த எழுப்புதல் தொந்தரவு அல்ல, காவல்.

அடுத்த பயம் மூன்றாம் நாள் வாக்கில் வரும். நேற்று இட்லி சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தவர் இன்று சோர்ந்து கிடப்பார். முன்பக்கம் அறுத்திருந்தால் இமைகள் வீங்கி, கண்ணைச் சுற்றி யாரோ அடித்ததுபோல் கருநீலம் பாய்ந்திருக்கும். முகத்து வீக்கத்துக்குக் காரணம் எளிது: உச்சந்தலைத் தோலில் சேர்ந்த நீரும் ரத்தமும் எடையால் கீழே இறங்குகின்றன. சில நாளில் தானாக வடிந்துவிடும். மண்டைக்குள் நடக்கிற வீக்கம்தான் கவனிக்க வேண்டியது.

மண்டையோடு விரியாத பெட்டி. எடின்பரோவின் மன்றோ 1783இலும் அவருக்குப் பின் கெல்லி 1824இலும் சொன்ன கருத்து இன்றும் மாறவில்லை: பெட்டிக்குள் மூளை, ரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றும் அடங்கியாக வேண்டும், ஒன்று கூடினால் இன்னொன்று குறைய வேண்டும். மூளை ஏறத்தாழ 1.4 கிலோ. நீர் ஒரு தம்ளர் அளவுதான், 150 மில்லிலிட்டர் வாக்கில். அதுவும் ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் புதிதாகச் சுரந்து பழையது வடிகிறது. கட்டியை எடுத்த பிறகு சுற்றியுள்ள திசு, அடிபட்ட விரலைப்போல நீர் கோத்து வீங்கும். விரல் வீங்க இடமிருக்கிறது, மூளைக்கு இல்லை. இந்த வீக்கம் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணியும். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்தச் சொல்வது இதனால்தான். கழுத்துச் சிரைகள் வழியாக ரத்தம் எளிதாக இறங்கும். வீட்டில் நாங்கள் செய்த தவறு, தலைக்கு மட்டும் இரண்டு தலையணை வைத்தது. தலை உயர்ந்தது, ஆனால் கழுத்து மடங்கி அதே சிரைகளை நெரித்தது. இடுப்பிலிருந்தே சரிவாக உயர வேண்டும், கழுத்து நேராக இருக்க வேண்டும். மலச்சிக்கலைப் பற்றி மருத்துவர் விடாமல் கேட்பதற்கும் இதே கணக்குதான். முக்கும்போது மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. வலி மாத்திரைகளில் சில மலத்தை இறுக்கும். வெட்கப்படாமல் கேட்டு மருந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீக்கத்தை அடக்குகிற மருந்து டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கலிசிக்கும் ஃபிரெஞ்சும் 1961இல் இதன் பயனைப் பதிவுசெய்தார்கள். மூளை அறுவையின் வரலாற்றில் கத்திக்கு நிகரான இடம் அந்த மாத்திரைக்கு உண்டு. ஆனால் வீட்டில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் எச்சரிக்காவிட்டால் குடும்பமே திகைத்துப்போகும்.

அத்தை இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். "தம்பி, பசிக்குது." ஒன்பது மணிக்குத்தான் சாப்பிட்டிருப்பார். தயிர்சாதம் பிசைந்து கொடுத்தால் ஒரு கிண்ணம் காலியாகும். பிறகு விடியும்வரை கண் விரித்தபடியே இருப்பார். ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும், உறக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவு தாறுமாறாகப் போகும். இல்லாதவர்களுக்கும் சில நேரம் வரும். நேரத்தை மாற்றலாமா என்று நான் மருத்துவரிடம் கேட்டேன். கடைசி வேளையை மதியத்தோடு முடிக்கும்படி மாற்றித் தந்தார். அன்றிலிருந்து வீடு தூங்கியது. வாரக்கணக்கில் எடுத்தால் தொடைத் தசை இளைக்கும். தரையில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் தவிப்பார், நம் ஊர்க் கழிப்பறையில் குந்தி எழுவது பெரும்பாடாகும். "காலுக்கு ஏதோ ஆயிடுச்சு, கட்டி திரும்பிடுச்சு" என்று பதறுவதற்கு முன் மாத்திரைச் சீட்டைப் பார்க்க வேண்டும்.

இந்த மாத்திரையை மட்டும் ஒருபோதும் சட்டென்று நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்போது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடுகிறது. அது மறுபடி விழிக்க நாளாகும். படிப்படியாகக் குறைக்கச் சொல்லி எழுதிய அட்டவணையைச் "சரியாயிட்டாங்களே" என்று பாதியில் விட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

வலிப்பு மாத்திரையும் அப்படித்தான். ஒரு வேளையும் தவறக் கூடாது. பலருக்கு எழுதப்படும் லெவெடிரசெட்டம் சிலரிடம் எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பும். ஒரு சொல்லுக்கு நூறு சொல் திருப்பித் தருகிற ஆளாக மாறிவிட்டார் என்றால் அது குணம் அல்லாமல் மருந்தாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் சொன்னால் மாற்றுவார். வலிப்பே வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுற்றிலும் இடிக்கிற பொருளை நகர்த்தி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். வாயில் கரண்டி, கையில் சாவிக்கொத்து, நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பது எதுவும் வேண்டாம். இரும்பைக் கையில் கொடுத்ததால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கிவிடும், நம் கண்ணுக்குச் சாவி நிறுத்தியதுபோலத் தெரியும்.

காயத்தைப் பற்றி ஒரு பழைய செய்தி. 1884 நவம்பர் 25 அன்று லண்டனில் ரிக்மன் காட்லீ, இருபத்தைந்து வயதுள்ள ஒரு ஸ்காட்லாந்து விவசாயியின் மூளையிலிருந்து கட்டியை எடுத்தார். ஸ்கேன் இல்லாத காலம். நோயாளியின் உடல் அறிகுறிகளை மட்டும் வைத்துக் கட்டியின் இடத்தைக் கணித்தவர் ஹியூஸ் பென்னட் என்ற மருத்துவர். கணிப்பு துல்லியம், கட்டி சொன்ன இடத்தில் இருந்தது. நான்கு வாரத்தில் நோயாளி இறந்தார், கட்டியால் அல்ல, காயத்தில் ஏறிய தொற்றால். தையலின் மேல் மஞ்சளும் எண்ணெயும் வேண்டாம் என்று நான் ஏன் எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மல்லுக்கு நின்றேன் என்பதற்கு அந்த விவசாயிதான் பதில். காயம் சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ, தண்ணீர்போல் தெளிவான நீர் காயத்திலிருந்தோ மூக்கிலிருந்தோ சொட்டினாலோ காத்திருக்கக் கூடாது. ஏறுகிற தலைவலியோடு வாந்தி, புதிதாக ஒரு பக்கம் தளர்வது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல் ஆகியவையும் அப்படியே. கெண்டைக்கால் வீக்கம் ரத்தம் கட்டியதாக இருக்கலாம். அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. இரண்டாம் நாளே கையைப் பிடித்து நடக்க வைப்பதன் காரணம் அது. மற்றபடி, பக்கத் தலையில் தசையை விலக்கி அறுத்திருந்தால் வாய் திறக்க வலிக்கும், தலைக்குள் 'டக்' என்றோ நீர் சலசலப்பதுபோலவோ சத்தம் கேட்கிறது என்பார்கள். பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை, மறுமுறை போகும்போது சொன்னால் போதும்.

உடம்பு இவ்வாறு ஒவ்வொன்றாகச் சரியாகிக்கொண்டு வரும்போதுதான் மற்றது கண்ணில் படுகிறது.

அது எங்கே அறுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. வலது பின்மேல் பகுதியில் பாதிப்பு என்றால் இடப்பக்க உலகமே கவனத்திலிருந்து நழுவிவிடலாம். கண் நன்றாகத் தெரியும், ஆனால் இலையில் இடதுகை ஓரம் வைத்த உப்பும் ஊறுகாயும் அவருக்கு இல்லாத பொருள். பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் வேண்டும் என்பார். தட்டைத் திருப்பி வைத்தால் மீதி 'தோன்றும்'. முன்மடலின் மேல் நடுப்பகுதிக்கு அருகே அறுத்தால் சிலர் மறுநாளே வாய் பேசாமல், ஒரு பக்கத்தை அசைக்காமல் கிடப்பார்கள். அது பெரும்பாலும் சில வாரங்களில் மீளும். சிறுமூளைக் கட்டியை எடுத்த குழந்தைகளில் சிலர் ஓரிரு நாள் பேசிவிட்டுத் திடீரென ஊமையாகிப்போவார்கள். பெற்றோருக்கு அதைவிடக் கொடுமை இல்லை. ஆனால் பேச்சு வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பி வருகிறது, முன்போல முழுமையாக வராமலும் போகலாம். இப்படி நேரலாம் என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவர் சொல்லிவிட்டால் அந்த வாரங்களைக் கடப்பது எவ்வளவோ எளிதாகும்.

எல்லோருக்கும் பொதுவானது களைப்பு. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குள்ள மூளை உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. புண்பட்ட மூளைக்கு டிவி சத்தம், மிக்ஸி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது எல்லாம் சுமை. வேண்டாததை வடிகட்டுவதும் ஒரு வேலைதான், அந்த வடிகட்டிதான் முதலில் சோர்கிறது. வந்து பார்ப்பவர்களை நம் ஊரில் தடுக்க முடியாது. ஆனால் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து கட்டில் ஓரம் நின்று, "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பாப்போம்?" என்று கேட்பதைத் தடுக்கலாம். அன்பினால் கேட்கிறார்கள், ஆனால் அது தேர்வு. பதில் தெரிந்தும் சொல் வராமல் தவிக்கிற ஒருவரைப் பத்துப் பேர் முன்னால் தோற்கடிக்கிற தேர்வு. நான் வாசலிலேயே நின்று சொல்லிவிடுவேன்: "உள்ள போனதும் உங்க பேர நீங்களே சொல்லிடுங்க. பத்து நிமிஷம் போதும்." ஒரு பெரியப்பா கோபித்துக்கொண்டார். மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள்.

இனி முன்மடல். ஒரு மாதம் ஆனதும் அத்தை நன்றாக நடந்தார், தையல் தழும்பின் மேல் முடி முளைத்திருந்தது, பேரப்பிள்ளைகள் பெயர் எல்லாம் சரி. ஆனால் காலையில் கட்டிலில் உட்கார்ந்தால் அப்படியே உட்கார்ந்திருப்பார். "பல் தேய்ச்சீங்களா அத்தை?" "தேய்க்கணும்." அரை மணி கழித்தும் "தேய்க்கணும்." எங்கள் வீட்டில் மெல்ல ஒரு சொல் உலவத் தொடங்கியது: சோம்பல். ஐம்பது வருடம் கோழி கூவுமுன் எழுந்து வாசல் தெளித்தவரை அந்தச் சொல்லால் சுட்டினார்கள். நானும் ஒரு நாள் மனதுக்குள் சொன்னேன். அன்றிரவுதான் பென்ஃபீல்டின் அக்கா நினைவுக்கு வந்தார்.

செய்யத் தெரிவதும் செய்யத் தொடங்குவதும் மூளையில் ஒன்றல்ல. காய் நறுக்குவது, சோறு வடிப்பது, தாளிப்பது எல்லாம் பழகிப்போன தனித்தனி வேலைகள். அவை பத்திரமாக இருக்கின்றன. எதை முதலில் தொடுவது, எதை நடுவில் விட்டு எதற்குப் போவது, புளி கரைக்கும் நேரத்தில் பருப்பு வெந்துவிடும் என்று கணக்கு வைத்துக்கொள்வது, இதையெல்லாம் கோத்துப் பிடிக்கும் சரடு முன்மடலில் இருக்கிறது. சரடு அறுந்தால் மணிகள் உடையாமலே சிதறுகின்றன. சமையல் என்பது மூளைக்கு எவ்வளவு கடினமான வேலை என்று சமைக்காதவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. மாண்ட்ரீலின் மிகச் சிறந்த அறுவை மருத்துவருக்கே அதைத் தன் அக்காவின் அடுப்படிதான் காட்ட வேண்டியிருந்தது.

சரடு அங்கே இல்லையென்றால் வேறு யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். கூட இருக்கிறவர் தன் முன்மடலைக் கொஞ்ச நாள் இரவல் கொடுக்கிறார், பராமரிப்பு என்று நான் புரிந்துகொண்டது அதைத்தான். "இன்னிக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டால் அத்தையால் பதில் சொல்ல முடியாது. "ரசமா, சாம்பாரா?" என்றால் சொல்வார். "குளிச்சிட்டு வாங்க" என்பது ஏழெட்டு வேலைகள் அடங்கிய கட்டளை. துண்டைக் கையில் கொடுத்துக் குளியலறை வாசல்வரை கூட நடந்தால் மீதி தானாக நடந்தது. பேஸ்ட் வைத்த பிரஷைக் கையில் கொடுத்தால் கை தன் வேலையைச் செய்தது. தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை. அந்த வரிசையைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒட்டியதை மாற்றக் கூடாது. முடிந்ததை அவர் கையாலேயே அடிக்க வேண்டும். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மட்டும் யாரும் இல்லாத நேரத்தில் மூடி வைத்தோம். அதைச் சொல்லித்தான் செய்தோம், ஒளித்துச் செய்யவில்லை.

இதைவிடச் சிக்கலானது, குறை இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருப்பது. "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று அத்தை சொன்னபோது பிடிவாதம் என்று நினைத்தோம். தன்னைத் தானே கவனிக்கும் பகுதியும் அதே மடலில் இருக்கிறது. வாதாடிப் புரியவைக்க முடியாது. சேர்ந்து ஒரு வேலையைச் செய்து, அது நின்றுபோகிற இடத்தில் அவராகவே "அடுத்து என்ன?" என்று கேட்கும்வரை காத்திருக்கலாம்.

பென்ஃபீல்டின் அக்காவுக்குக் கட்டி திரும்பி வந்தது, 1931இல் இறந்தார். ஒரு மருத்துவர் தனியாகச் செய்கிற வேலை அல்ல இது என்ற எண்ணம் தம்பியிடம் அந்த ஆண்டுகளில் உறுதிப்பட்டது. 1934இல் அவர் மாண்ட்ரீல் நரம்பியல் நிறுவனத்தைத் திறந்தார். அங்கே அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அதை அடுத்துச் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அத்தையின் கட்டியை எடுத்தவர் வேலூரில் படித்தவர் என்று பின்னால்தான் தெரிந்தது.

பயாப்சி முடிவு வந்தபோது முதல் நிலைக் கட்டி என்றிருந்தது. எங்களுக்கு அதிர்ஷ்டம். நான்காம் நிலை கிளையோபிளாஸ்டோமா என்றால் ஆறு வார ரேடியேஷனும் டெமோசோலோமைடு மாத்திரையுமாக இன்னொரு பயணம் தொடங்கியிருக்கும். அந்த வீடுகளில் கூட இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இரவுக் காவலை ஒருவரே சுமக்காதீர்கள். எங்கள் வீட்டில் முதல் பத்து நாள் அத்தையின் மருமகள் மட்டுமே விழித்திருந்தார். பதினோராம் நாள், காலை வேளை மாத்திரையை இரவு கொடுத்துவிட்டார். தவறு அவருடையது அல்ல, தூங்காத மூளையின் முன்மடலும் களைக்கும். அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டோம்.

நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை ரசம் வைத்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன், சுவரில் ஒட்டிய தாளில் பதினோரு வரிகள். புளி கரைத்தார், தக்காளி பிசைந்தார், ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடித்தார். ஏழாவது வரிக்குப் பிறகு தாளைப் பார்க்காமலே கடுகைத் தேடி எடுத்தார். ரசம் நுரை கட்டியதும் இறக்கினார். உப்பு இல்லை. சாப்பிடும்போது அவரே முதலில் கண்டுபிடித்து, எழுந்துபோய்ச் சுவரில் எதையோ எழுதிவிட்டு வந்தார்.

பிறகு போய்ப் பார்த்தேன். நான்காவது வரியில் இருந்த 'உப்பு' என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலால் இரண்டு வட்டம் போட்டிருந்தார்.